கேட்டு வாங்கிய மூக்குக்கண்ணாடி

அவளுக்கு மந்திரி என்று பெயர் வைத்தது அப்பாதான். ஐந்து வயதில், வீட்டுக்கு வந்தவர்களில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவள் கை நீட்டி ஏவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இவங்க எந்த இலாகாவுக்கு மந்திரி?" என்று கேட்டார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் மறந்து போயிருந்தது. அவளும் அதைப் பெரிதாக நினைவூட்டவில்லை.

பள்ளியில் சேவைக்குழு என்று ஒன்று இருந்தது. உள்ளூரில் ஒரு வேலை, கடல் கடந்து ஒரு வேலை என்று இரண்டையும் கையில் எடுத்துக்கொள்வார்கள். போன வருடம் வெள்ளத்தில் மூழ்கிய ஏதோ ஒரு நாட்டுக்குப் புத்தகப்பைகள் போயின. இந்த வருடம் அறிவியல் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். அவரோடு படித்த ஒருவர் ஒரு தீவில் டாக்டராக இருக்கிறார். அங்கே கண்ணாடிக் கடை கிடையாது. வேண்டுமென்றால் படகேறிப் போக வேண்டும். பிள்ளைகள் கரும்பலகை தெரியாமலே படித்து முடித்துவிடுகிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் கண் முகாம் நடக்கப்போகிறது. வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சேர்த்தால் படிக்கிற கண்ணாடியெல்லாம் முகாமுக்கு, தூரத்துக்குப் போடுகிறதெல்லாம் தீவுக்கு. ஒரே வேலையில் இரண்டும் முடிந்துவிடும்.

"பவர் எல்லாம் யார் பாத்துப் பிரிக்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்க அப்பா பாப்பாரு டீச்சர்" என்று மந்திரி எழுந்து நின்றாள். அப்பாவுக்குக் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை. அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை.

வகுப்புக்கு வகுப்பு போட்டி வைத்தார்கள். அதிகம் சேர்க்கும் வகுப்புக்குக் கேடயம். அன்றிலிருந்து மந்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. தோழி நெட்டையை இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். நெட்டை பெயருக்கேற்ற உயரம். அழைப்பு மணி எட்டாத உயரத்தில் இருந்தால் அவள்தான் அழுத்த வேண்டும், மற்றபடி பேச்செல்லாம் மந்திரி. ஒரு வீட்டில் ஒற்றைச் சில்லு போன கண்ணாடி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நீச்சல் கண்ணாடி. வங்கிக்காரர் ஒருவர் தன் மூக்கில் இருந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டு, கேட் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் செடியில் போய் முட்டினார். "இல்லை" என்று சொன்ன வீடுகளில் மந்திரி நகர மாட்டாள். "மேசை இழுப்பறையில பாத்தீங்களா ஆன்ட்டி? அலமாரி மேல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் ஏதாவது ஒன்று வந்துவிடும்.

"நீ கேக்கறதில்லடி, பறிக்கறே" என்றாள் நெட்டை.

"நல்ல காரியத்துக்குத்தானே?"

முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பத்தாம் வகுப்பு முந்திவிட்டது என்று யாரோ புரளி கிளப்பினார்கள். மந்திரிக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் தனியாகவே கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். அப்பா கடைக்கு நாலு கடை தள்ளித் தையல்கடை. அந்தத் தையல்காரரை அம்மா "அண்ணா" என்று கூப்பிடுவாள். அதனால் மந்திரிக்கு அவர் டெய்லர் மாமா. அவர் மனைவி, அத்தை, போன வருடம் தவறிவிட்டாள். அதுவரை கடையில் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, ஓரம் அடிப்பதெல்லாம் அத்தைதான். தையல் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. வீட்டுக்குப் போகும்போது அத்தை அந்த ஆணியில் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போவாள். கடைசியாக மாட்டியது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

மந்திரி விவரத்தைச் சொன்னாள். தீவைச் சொன்னாள், முகாமைச் சொன்னாள், கேடயத்தையும் சொன்னாள்.

"என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதாம்மா. அது இல்லாம எனக்கு வேலை ஓடாது" என்று அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"அதோ, அது சும்மாதானே மாமா தொங்குது?"

தையல்காரர் திரும்பி ஆணியைப் பார்த்தார். மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அத்தை இருந்தா அவங்களே குடுத்திருப்பாங்க மாமா. அவங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!"

அவர் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்தார். கையில் இருந்த வெட்டுத்துணியால் இரண்டு சில்லையும் துடைத்தார். கொடுத்தார். மந்திரி "தேங்க்ஸ் மாமா" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது என்று அவளுக்குப் பட்டது.

அன்று இரவு அப்பா கடையை அடைத்துவிட்டுக் கண்ணாடிகளைப் பிரித்தார். ஒவ்வொன்றாகப் பவர் பார்க்கும் கருவியில் வைத்து, சீட்டு எழுதி ஒட்டினார். அத்தையின் கண்ணாடி வந்தபோது அவர் கை நின்றது. அது அவர் செய்து கொடுத்ததுதான். அரக்குச் சிவப்பு பிரேம். காதில் மாட்டும் காம்பு ஒன்றில் திருகு விழுந்துவிட, அத்தை அந்த இடத்தில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். 'கடைக்கு வந்தா திருகு போட்டுக் குடுத்திருப்பேனே' என்று அப்பா நினைத்தார். தையல்காரர் மனதைத் தேற்றிக்கொண்டு தாமாகவே கொடுத்திருக்கிறார், நல்லதுதான் என்றும் நினைத்தார். நூலை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுத் திருகு போட்டார். படிக்கிற கண்ணாடி என்பதால் அது முகாம் பெட்டிக்குப் போனது.

சனிக்கிழமை முகாம் முடிந்தது. கேடயம் ஒன்பதாம் வகுப்புக்கே கிடைத்தது. பத்தாம் வகுப்பு பக்கத்தில்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலையை வாங்க அம்மா போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"மந்திரி, இங்க வா. டெய்லர் அண்ணன்கிட்ட என்ன கேட்டே?"

"கண்ணாடி கேட்டேன். குடுத்தாரு."

"அது யாரு கண்ணாடின்னு தெரியுமா தெரியாதா?"

"அத்தையோடது. அவங்களுக்கு இனிமே எதுக்கும்மா?"

அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாள். "அந்த மனுஷன் துணியை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மிஷின் ஓடல. என்னண்ணா ஆச்சுன்னு கேட்டா, ஆணியைக் காட்டறாரு. 'உங்க பொண்ணு கேட்டா, குடுத்தேன்'னு சொல்றாரு. எனக்கு எங்க போய் முகத்தை வெச்சுக்கறதுன்னு தெரியல."

"அவரு வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனே."

"நீயா? நீ விட்டிருப்பியா?"

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். திருகு போட்டதை அவர் அப்போது சொல்லவில்லை, மறுநாள்தான் சொன்னார்.

திங்கட்கிழமை மந்திரி அறிவியல் டீச்சரிடம் போனாள். டீச்சர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒருத்தருக்குக் குடுத்ததை எப்படிம்மா திரும்பக் கேக்கறது?" என்றார். "இப்படி ஒருத்தர் கேட்டாருன்னு தெரிஞ்சா நாளைக்குப் பத்துப் பேரு வருவாங்க. அவரு திரும்ப வேணும்னு கேட்டாரா?"

"கேக்கல டீச்சர்."

"அப்புறம் என்ன? காலம் போனா சரியாயிடும். அவருக்கு நான் பள்ளி சார்பா நன்றிக் கடிதம் அனுப்பறேன்."

டீச்சர் சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக மந்திரிக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நன்றிக் கடிதத்தைத் தையல்காரர் பிரித்துப் படிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வகுப்புக்கு வந்து நெட்டையைப் பிடித்தாள். முகாமில் படிக்கிற கண்ணாடி மேசையில் நின்றது நெட்டைதான்.

"அரக்குச் சிவப்புக் கலரு, காம்பு நுனியில பல்லுத் தடம் இருக்கும். யாருக்குப் போட்டே, ஞாபகம் இருக்கா?"

அளவு கணக்குப் போடும்போது காம்பு நுனியைக் கடிப்பது அத்தையின் பழக்கம். நெட்டைக்கு உடனே நினைவு வந்துவிட்டது.

"அதுவா! யாரோ கடிச்சு வெச்சிருக்காங்க, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். அந்த அக்கா சிரிச்சாங்க. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாக்கறாங்களாம். ஏன்?"

பள்ளி விட்டதும் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சலவைக்கூடம் பின்கட்டில் இருந்தது. கதவைத் திறந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. பெரிய பெரிய இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் ஒரு நீள மேசை. அதில் வெள்ளை விரிப்புகள் மலைபோலக் கிடந்தன. அந்த அக்கா ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் வார்டு எண்ணைச் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். மூக்கில் அத்தையின் கண்ணாடி.

வரும் வழியெல்லாம் மந்திரி பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். எதிரே போய் நின்றதும் அது எங்கேயோ போய்விட்டது.

"அக்கா, இந்தக் கண்ணாடி... அது ஒருத்தரோட பொண்டாட்டியோடது. அவங்க இல்ல. அவரு..."

"இரு, இந்த எண்ணை முடிச்சிடறேன்." அவள் நூலை இழுத்து முடிச்சிட்டாள், பல்லால் கடித்து அறுத்தாள். கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் குடுத்தாரு."

"அப்புறம்?"

"நான் விடாம கேட்டேன். அதனால குடுத்தாரு."

"ஓ" என்றாள் அவள். கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். ஆனால் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "எங்க வீட்டுலயும் ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு விட்டுட்டுப் போனதுல எதையும் இதுவரைக்கும் யாரும் கேட்டு வரல. கேக்கற மாதிரி எதுவும் இல்லைன்னு வெச்சுக்கோ." சிரித்தாள். "சரி, எடுத்துட்டுப் போ. நாளைக்கு நான் எதை வெச்சுத் தைக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

மந்திரி நெட்டையைப் பார்த்தாள். நெட்டை தரையைப் பார்த்தாள். அதை இருவரும் யோசிக்கவே இல்லை. தையல்கடையில் பறித்த மாதிரியே இங்கேயும் பறிக்கத்தான் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் மந்திரிக்கு உறைத்தது.

"நீங்க எங்க அப்பா கடைக்கு வாங்கக்கா. இதே பவர்ல வேற ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன். அது வர்ற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"உங்க அப்பாவைக் கேட்டுட்டுச் சொல்றியா, இல்ல நீயே சொல்றியா?"

"கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள் மந்திரி.

அப்பா ஒரு வார்த்தை மறுப்பு சொல்லவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் சலவைக்கூடத்து அக்கா கடைக்கு வந்தாள். தலையை வாரி, வேறு உடை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். அப்பா மூன்று பிரேமை எடுத்து வைத்து, "இதுல ஒண்ணு பாருங்கம்மா" என்றார். அவள் மூன்றையும் போட்டுப் பார்த்தாள். பிடிக்கவில்லை. கண்ணாடி அலமாரியைக் காட்டி, "அந்த மேல் தட்டுல இருக்கிறதை எடுங்க" என்றாள். போட்டாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். "மூக்கைப் பெருசா காட்டுது." அடுத்தது. "இதைப் போட்டா எங்க மேலதிகாரி மாதிரி இருக்கேன்." அப்பா ஏணி போட்டு ஏறி இறங்கினார். மேசை நிறையப் பிரேம்கள் குவிந்தன. மந்திரி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகாமுக்கு வந்தவர்களெல்லாம் வரிசையில் நின்று, மூக்கில் மாட்டியதைப் போட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எது பிடிக்கிறது என்று ஒருத்தரையும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. கேட்டிருந்தால் இந்த அக்கா அங்கேயும் இப்படித்தான் அலமாரியையே கவிழ்த்திருப்பாள்.

கடைசியில் நீல நிறத்தில் ஒன்று பிடித்துப்போனது. இரண்டு நாளில் தயாரானது. அதைப் போட்டுக்கொண்டு கடைக் காலண்டரின் பொடி எழுத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, அத்தையின் கண்ணாடியை மந்திரி கையில் கொடுத்தாள்.

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. அவர்கிட்ட சொல்லு" என்றாள்.

மந்திரி தையல்கடைக்குத் தனியாகவே போனாள். அம்மா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தையல்காரர் சட்டைக் காலர் ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியை மிஷின் பலகைமேல் வைத்தாள். 'பரவாயில்லம்மா, குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும்' என்று அவர் சொல்லிவிடுவார் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்தது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. காலரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். காம்பை விரித்தார்.

"நூல் எங்க?"

"அப்பா திருகு போட்டுட்டாரு மாமா. அவருக்குத் தெரியாது."

தையல்காரர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேற யாரு போட்டிருந்தாங்க?"

மந்திரி எல்லாவற்றையும் சொன்னாள். சலவைக்கூடம், சிவப்பு நூல், மேல் தட்டுப் பிரேம். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று அந்த அக்கா சொன்னதையும் சொன்னாள். அவர் தலையசைத்தார். அப்புறம்தான் கோபம் வந்தது. குரல் உயரவில்லை.

"நீ கேட்டப்ப எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல. அது என் தப்பு. அவளைச் சொல்லிக் கேட்டே பாரு, 'அத்தை இருந்தா குடுத்திருப்பாங்க'ன்னு. அவ குடுத்திருக்க மாட்டா. அவ அவளோட பொருளை யாருக்கும் குடுக்க மாட்டா. என் கத்திரிக்கோலை எடுத்து ஊருக்கே குடுப்பா, அவ கத்திரிக்கோலை நான் தொட்டாக்கூட சண்டைக்கு வருவா. உனக்கு என்ன தெரியும் அவளைப் பத்தி?"

மந்திரிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் "சரி, போ" என்றார். அவள் படி இறங்கும்போது, பின்னால் அவர் நூல்கண்டுப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாள். சேவைக்குழுவில் இருந்து விலகுகிறேன் என்றும் டீச்சரிடம் சொல்லிப் பார்த்தாள். "தீவுப் பெட்டி இன்னும் போகல. பாதியில விட்டுட்டு எங்க போறே?" என்று டீச்சர் விடவில்லை. ஆகவே வேலையில் இருந்தாள், ஆனால் பழைய வேகம் இல்லை. யாராவது "இல்லம்மா" என்றால் "சரிங்க" என்று திரும்பிவிடுவாள். "உன்னைப் பாத்தா எனக்குப் பயமா இருக்குடி" என்றாள் நெட்டை.

தீவுக்குப் போகும் கண்ணாடிகளைக் காகிதத்தில் சுற்றினால் சில்லு கீறிவிடும், ஒவ்வொன்றுக்கும் துணி உறை வேண்டும் என்று அப்பா சொன்னார். ஊரில் வேறு இரண்டு தையல்கடைகள் இருந்தன. மந்திரி அங்கேதான் போய்க் கேட்டாள். ஒருவர் கையை விரித்தார். இன்னொருவர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு மாலை அவள் எதிர்ச்சாரியில் தலையைக் குனிந்துகொண்டு போகும்போது, "ஏ மந்திரி!" என்று குரல் வந்தது. தையல்காரர் கடை வாசலில் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். தெருவைக் கடந்து போனாள்.

"ஊர்ல இருக்கிற டெய்லரையெல்லாம் கேட்டிருக்கே. என்கிட்ட மட்டும் ஏன் கேக்கல? என் தையல் அவ்வளவு மோசமா?"

"பயமா இருந்துச்சு மாமா."

"கேளு."

"மாமா?"

"கேளுன்னு சொல்றேன்ல. இந்தத் தடவை இல்லைன்னு சொல்லிப் பாக்கறேன். வருதான்னு பாப்போம்."

அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று முகத்தில் இருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மந்திரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். தீவைப் பற்றிச் சொன்னாள். அத்தையின் பேச்சை எடுக்கவே இல்லை.

"முடியாது" என்றார் தையல்காரர். "பள்ளிச் சீருடைத் தையல் மலைமாதிரி கெடக்கு. முடியவே முடியாது."

"சரிங்க மாமா." அவள் திரும்பிப் படி இறங்கினாள்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர். குரலில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது. "அலமாரி மேல பாத்தீங்களா, இழுப்பறைக்குள்ள பாத்தீங்களான்னெல்லாம் கேப்பியாமே. எல்லாம் கேள்விப்பட்டேன்."

"இப்பல்லாம் கேக்கறதில்ல மாமா."

அவர் நாடாவைக் கழற்றிக் கையில் சுற்றினார். "சீருடை இந்த மாசக் கடைசியில முடிஞ்சிடும். அதுக்கப்புறம் வா. வெட்டுத்துணி மூட்டை கெடக்கு, நான் அடிச்சுத் தர்றேன். ஆனா தைச்ச உறையைத் திருப்பிப் போடறதுக்கு எனக்கு ஆள் இல்ல. நீயும் அந்த நெட்டைப் பொண்ணும் வந்து உக்காரணும். சும்மா நின்னு வாங்கிட்டுப் போற வேலை இங்க நடக்காது."

மாதக் கடைசியில் இருவரும் போனார்கள். கடைக்குள் துணித்தூள் பறந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்து ஆணியில் அரக்குச் சிவப்புக் கண்ணாடி தொங்கியது. திருகுக்கு மேலே புதிதாக நூல் சுற்றியிருந்தது. மந்திரி அதைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. தையல்காரர் அடித்து அடித்துத் தள்ளிய உறைகளை இருவரும் ஒரு மழுங்கிய குச்சியால் குத்தி வெளிப்பக்கமாகத் திருப்பினார்கள். பூப்போட்டது, கோடு போட்டது, சீருடைத் துணியில் மிஞ்சிய சாம்பல் நிறம். இரண்டாவது மூலை சரியாக வரவில்லை என்று மூன்று முறை நெட்டையைத் திட்டினார். நாலாவது முறை குச்சியை அவரே வாங்கிக் காட்டினார்.

இருட்டுவதற்குள் ஒரு பை நிறைந்தது. "நாளைக்கும் வாங்க" என்றார் அவர், மிஷினில் இருந்து கண்ணை எடுக்காமல்.